அழிக்கம்பி நிழலை சுவர்ப் படமாக்குவது: வடிவங்களை மட்டும் வைத்து போட்டோ பிரிண்ட் போடுகிறவர்களுக்கு

நம்ம திருநெல்வேலிப் பக்கம் 'போட்டோ எடுக்கிறேன்' என்று சொன்னால் அடுத்த கேள்வி 'கல்யாணமா, சடங்கா?' என்றுதான் வரும். இது இரண்டிலும் சேராது. இதில் முகம் கிடையாது, எந்த ஊர் என்று காட்டிக்கொடுக்கிற கோபுரம் கிடையாது. கோடு, சதுரம், வட்டம், முக்கோணம், இரண்டு மூன்று நிறம், அவ்வளவுதான் சுவரில் தொங்கப்போகிறது. ஆனால் அந்தக் கோடு கேமராவில் பிடித்த கோடு. கணினியில் ஒரு வட்டம் போட ஒரு நொடி ஆகாது, போட்ட வட்டமும் அப்பழுக்கில்லாமல் இருக்கும். கல்லிடைக்குறிச்சியில் வெயிலில் காய்கிற அப்பளத்தை நேர் மேலே இருந்து எடுத்துப் பாருங்கள், ஓரம் ஒரு பக்கம் தூக்கியிருக்கும், தூக்கிய இடத்தில் நிழல் தடித்திருக்கும், வரிசையில் ஒன்றுகூட இன்னொன்றின் நகல் இல்லை. அந்தப் பிசகை படத்தில் காப்பாற்றி, 'இது அப்பளம்' என்கிற பெயரை மட்டும் கழற்றிவிட வேண்டும். இந்த வேலை முழுக்க அதுதான். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிகள்.

சாமான் கொஞ்சம் போதும். 12 மெகாபிக்சல் போனில் 4000க்கு 3000 பிக்சல் கிடைக்கும், அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் 13க்கு 10 அங்குலப் படம் தாராளமாகப் போடலாம். 24 மெகாபிக்சல் கேமரா என்றால் 20க்கு 13 அங்குலம். இதற்கு மேல் பெரிதாக வேண்டுமென்றால் அங்குலத்துக்கு 200 பிக்சலுக்கு இறங்கினாலும் கை நீட்டுகிற தூரத்தில் நின்று பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. ட்ரைபாட் ஒன்று வேண்டும், விலை குறைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை, காற்றில் ஆடாமல் நின்றால் சரி. மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ரா ஃபைலை (கேமரா பதிந்ததைத் திருத்தாமல் அப்படியே வைத்திருக்கிற ஃபைல்) திறக்க டார்க்டேபிள், அடுக்கிக் கலக்க ஜிம்ப், இரண்டும் இலவசம். ஃபோட்டோஷாப் ஏற்கனவே கையில் இருந்தால் அதிலேயே செய்யுங்கள், நான் சொல்கிற எல்லாம் அதிலும் இருக்கிறது.

எங்கே தேடுவது

பாளையங்கோட்டையிலும் டவுனிலும் இன்னும் இடிக்காமல் நிற்கிற பழைய வீடுகளில் இருந்து ஆரம்பியுங்கள். தெருவைப் பார்த்த தார்சாவில் (முன்கூடத்தில்) மரச்சட்டத்துக்கு நடுவே கம்பியோ மரக்கட்டையோ வரிசையாக அடுக்கி அடைத்திருப்பார்களே, அந்த அழிதான் முதல் பாடம். காலை வெயில் அதன் வழியாக உள்ளே விழுந்து சிவப்பு ஆக்சைடு தரையில் கோடு கோடாக நிழல் போடும். சிவப்பு, கறுப்பு, நேர்கோடு, மூன்றுதான். ஆரம்பிக்கிறவருக்கு இதைவிட சுத்தமான பாடம் கிடைக்காது.

எந்த வீட்டுக்கு எப்போது போக வேண்டும் என்பதை சூரியன் முடிவு செய்யும். திருநெல்வேலி ஏறக்குறைய 8.7 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் நடுவாக்கிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் வந்து நிற்கும், நட்டு வைத்த கம்புக்கு நிழலே இருக்காது. ஆனி, ஆடியில் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்திருக்கும், அப்போது வடக்குப் பார்த்த வாசலில்தான் வெயில் எட்டிப் பார்க்கும். மார்கழியில் தெற்கே 32 டிகிரி சாய்வு, தெற்குப் பார்த்த வீட்டுத் தார்சாவில் வெயில் நன்றாக உள்ளே வரும். ஆக ஒரே வீடு ஆறு மாதத்தில் வேறு படம் கொடுக்கும். நேர் மேலே சூரியன் நிற்கிற அந்த ஏப்ரல் நாட்களை 'நிழல் இல்லை, வேலைக்காகாது' என்று விட்டுவிடாதீர்கள். தரையில்தான் நிழல் இல்லை, சுவரில் வெயில் உரசிக்கொண்டு இறங்கும், சன்ஷேட், கதவுக் கொண்டி, ஒரு பழைய ஆணி, எல்லாவற்றுக்கும் கீழே நீளமான செங்குத்து நிழல் விழும், சுண்ணாம்பு பூச்சின் மேடு பள்ளம் ஒவ்வொன்றும் தெரியும்.

இன்னொரு கணக்கு, இது ரொம்ப உபயோகமானது. சூரியன் ஒரு புள்ளி இல்லை, வானத்தில் அரை டிகிரி அகலம் இருக்கிறது. அதனால் கம்பிக்கும் நிழல் விழுகிற தரைக்கும் நடுவே ஒரு மீட்டர் இருந்தால் நிழலின் ஓரம் சுமார் ஒரு சென்டிமீட்டர் கலங்கும். இரண்டு மீட்டர் என்றால் இரண்டு சென்டிமீட்டர். விரல் தடிமன்கூட இல்லாத கம்பியின் நிழல் அவ்வளவு தூரத்தில் வெறும் சாம்பல் பட்டையாகிவிடும். கத்தி மாதிரி ஓரம் வேண்டுமென்றால் அழியின் காலடியிலேயே எடுங்கள். ஓரம் கரைய வேண்டுமென்றால் உள்ளே பட்டாசல் (உள்கூடம்) வரை வந்த நிழலை எடுங்கள். ஒரே சட்டத்துக்குள் கீழே கூர்மையும் மேலே கரைசலும் வருகிற மாதிரி எடுத்தால் அதுவே ஒரு படம்தான், கணினி வேலையே தேவையில்லை.

வீட்டை விட்டு வெளியே வந்தால் ஜங்ஷனில் ஈரடுக்கு மேம்பாலம் இருக்கிறது. மேலே ஏறாதீர்கள், அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள், தூணும் தளமும் வானத்தைத் துண்டு துண்டாக வெட்டியிருக்கும், வானத் துண்டுதான் உங்கள் வடிவம். 1843ல் கட்டிய சுலோச்சன முதலியார் பாலம் ஆற்றில் தண்ணீர் அசையாமல் நிற்கிற காலையில் வளைவும் அதன் பிம்பமும் சேர்ந்து முழு வடிவமாகும். தண்ணீரில் மிதக்கிற அமலைச் செடி மண்டிக் கிடந்தால் பிம்பம் போச்சு, மழை வந்து அடித்துக்கொண்டு போகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பணகுடி, வள்ளியூர் பக்கம் போனால் காற்றாலைகள். ஆனி, ஆடிக் காற்றில் இறக்கை சுற்றிக்கொண்டே இருக்கும், ஷட்டரை 1/1000 நொடிக்கு வைத்து ட்ரைபாடில் இருந்து வரிசையாக எடுத்தால் ஒவ்வொரு படத்திலும் இறக்கை வேறு கோணத்தில் நிற்கும். மூன்று இறக்கை, நடுவே 120 டிகிரி. இதைப் பிறகு அடுக்கும்போது பார்ப்போம்.

பத்தமடைப் பாயை எல்லாரும் எடுக்கப் பார்ப்பார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கோரை நாருக்கு ஒரு மினுக்கம் உண்டு. நேர் மேலே இருந்து வெளிச்சம் விழுந்தால் பாய் தட்டையாக, சாயம் போன மாதிரி தெரியும். பாயை ஜன்னலுக்குப் பக்கத்தில் விரித்து, வெளிச்சம் தரையோடு தரையாக வருகிற மாதிரி வைத்துக்கொண்டு, பாயை மெதுவாகத் திருப்பிக்கொண்டே வாருங்கள். ஒரு திசையில் கோரை பளிச்சென்று எழும்பும், கால்வட்டம் திருப்பினால் கோரை அடங்கி குறுக்கே போகிற பாவு நூல் தெரியும். இரண்டையும் தனித்தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒரே பாய் இரண்டு படம். ஆனால் நெருக்கமான இழையை கேமரா சென்சார் பார்த்தால் பாயில் இல்லாத வரிகள் அலை அலையாகத் தோன்றும், மொயரே என்பார்கள். திரையில் சிறிதாக்கிப் பார்க்கும்போதும் அதே அலை வரும், அதை வைத்துப் பயப்படாதீர்கள், 100 சதவீதத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கேயும் இருந்தால்தான் நிஜ மொயரே. கொஞ்சம் கிட்டப் போயோ தள்ளிப் போயோ மறுபடி எடுப்பதுதான் மருந்து, பிறகு மென்பொருளில் துடைக்கப் பார்த்தால் இழையும் சேர்ந்து போய்விடும்.

எடுக்கக்கூடாத இடங்களையும் சொல்லிவிட வேண்டும். நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களைப் பார்த்தால் கை துறுதுறுக்கும், ஆனால் கோயிலுக்குள் கேமரா, போன் விதி என்ன என்று வாசலில் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், ரயில் நிலையமும் அப்படித்தான். ட்ரோன் ஆசையை இந்த மாவட்டத்தில் ரொம்பவே அடக்க வேண்டும். விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன், மகேந்திரகிரியில் இஸ்ரோ, கூடங்குளத்தில் அணுமின் நிலையம், மூன்றும் இங்கேதான். மேலே இருந்து வயலைக் கட்டம் கட்டமாக எடுக்கலாம் என்று கிளப்பி, பிறகு போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து 'அப்ஸ்ட்ராக்ட்' என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். மச்சியில் (மொட்டை மாடியில்) ஏறி எடுங்கள். அடுத்தவர் வீட்டு மச்சி என்றால் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

எடுக்கும்போது

கேமரா, எடுக்கிற பரப்புக்கு நேராக இருக்க வேண்டும், சாய்ந்தால் சதுரம் பட்டமாகிவிடும். போனில் கட்டக்கோடு காட்டுகிற வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். கிட்டே போய் அகலக் கோணத்தில் எடுத்தால் நேர்கோடு ஓரத்தில் வளையும், தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்தால் வளையாது. கேமராவில் லென்ஸ் துளை எஃப் 8, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 100. எஃப் 16க்கு மேல் மூடினால் கூர்மை குறைய ஆரம்பிக்கும். வெளிச்சத்தை ஒரு மட்டம் குறைத்தே எடுங்கள், வெளுத்துப்போன தரையை யாராலும் மீட்க முடியாது. ரா ஃபைலாக எடுத்தால் நல்லது. போனில் ரா இல்லையென்றால் அழகூட்டுகிற வேலைகளையாவது அணைத்து வையுங்கள்.

அடுக்குவது

அழி நிழலையே எடுத்துக்கொள்வோம். டார்க்டேபிளில் இருந்து 16 பிட் டிஃப் (TIFF) ஃபைலாக வெளியே எடுத்து ஜிம்ப்பில் திறந்து கொள்ளுங்கள். 8 பிட்டில் ஒரு வண்ணத்துக்கு 256 படிதான், நிழலின் கரைசலை நாலு முறை இழுத்தால் படிக்கட்டு மாதிரி பட்டை தெரிய ஆரம்பிக்கும். பெர்ஸ்பெக்டிவ் கருவியை எடுத்து, திசையை கரெக்டிவ் என்று மாற்றி, நிஜத்தில் செவ்வகம் என்று உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒன்றின் நாலு மூலையிலும் பிடித்து வைத்தால் சாய்வு நிமிர்ந்துவிடும். அதன் பிறகு ஒன்றுக்கு ஒன்று அளவில் சதுரமாக வெட்டுங்கள்.

இப்போது லேயரை (படத்தின் அடுக்கை) நகலெடுத்து, மேலே இருக்கிறதை 90 டிகிரி திருப்புங்கள். 90, 180, 270 மூன்றிலும் பிக்சல் இடம்தான் மாறும், கூர்மை குறையாது. 45 மாதிரி இடைக்கோணம் என்றால் ஜிம்ப் புதிதாகப் பிக்சலைக் கணக்குப் போட்டு நிரப்பும், அதனால் அதை ஒரே தடவை, பெரிய மூலப் படத்தில் இருந்து செய்யுங்கள். திருப்பியதையே திருப்பித் திருப்பிப் பார்த்தால் படம் குழைந்துவிடும்.

மேல் லேயரின் கலப்பு முறையை மாற்றிப் பாருங்கள். டார்க்கன் ஒன்லி வைத்தால் இரண்டில் எது இருட்டோ அது மிஞ்சும், குறுக்கு நிழல் நெடுக்கு நிழல் இரண்டும் நின்று சாரத்தில் (லுங்கியில்) இருக்கிற கட்டம் போல வரும். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும், கட்டம் கட்டம்தான். லைட்டன் ஒன்லிக்கு மாற்றுங்கள். இப்போது வெளிச்சமானது ஜெயிக்கும், இரண்டு நிழலும் சேர்கிற இடம் மட்டும்தான் இருட்டாக நிற்கும். கோடெல்லாம் காணாமல் போய் சிவப்புத் தரையில் வரிசையாகப் புள்ளி, ஒவ்வொரு புள்ளியும் ஒரு சின்னச் சதுரம்.

டிஃபரன்ஸ் முறையில்தான் எனக்கு ருசி. ஒன்றில் இருந்து ஒன்றைக் கழிக்கிறது. தரை மேல் தரை, கறுப்பு. நிழல் மேல் நிழல், அதுவும் கறுப்பு. தரை மேல் நிழல் விழுந்த இடம் மட்டும் நிறமாக எரியும். ஆக கறுப்புப் பரப்பில் சிவப்புக் கோடுகள், கோடும் கோடும் சந்திக்கிற இடத்தில் மட்டும் அறுந்து ஒரு கறுப்புச் சதுரம். அந்தச் சிவப்பு தரையின் சிவப்பாக இருக்காது, நிழலில் வானத்து நீலம் கலந்திருக்கிறதால் கழித்த பிறகு மிஞ்சுவது வெயிலின் பக்கம் சாய்ந்த ஒரு ஆரஞ்சு. 100 சதவீதத்தில் பெரிதாக்கி அந்தக் கறுப்புக்குள் பாருங்கள், முழுக் கறுப்பு இல்லை. தரையில் கட்டிலை இழுத்த கீறல், ஆக்சைடு பூசினவர் கரண்டி வளைந்து போன தடம், ஈரத்துணி போட்டுத் துடைத்த கறை, எல்லாம் இரண்டு லேயரிலும் வேறு வேறு இடத்தில் இருக்கிறதால் கழியாமல் மெல்லிய நூலாக மிஞ்சியிருக்கும். அதைத் துடைக்கத் தோன்றும், துடைக்காதீர்கள். எடுத்துவிட்டால் அரை மணி நேரத்தில் வெக்டர் மென்பொருளில் எவரும் போடக்கூடிய படம் அது.

அப்படியானால் எதை அழிக்கலாம் என்று கேட்பீர்கள். பெயர் சொல்கிறதை அழியுங்கள். ஓரத்தில் தெரிகிற செருப்பு நுனி, கம்பியில் தொங்குகிற துணிக் கிளிப், சுவரில் பாதி எழுத்து. எழுத்து ஒன்று இருந்தால் கண் அதை வாசிக்கப் போய்விடும், வடிவத்தைப் பார்க்காது. ஜெர்மன் புகைப்படக்காரர் ஆந்திரியாஸ் குர்ஸ்கி 1999ல் செய்த 'ரைன் 2' படத்தில் கரையில் இருந்த கட்டடத்தையும் நடந்துபோன ஆட்களையும் கணினியில் எடுத்துவிட்டார், மிஞ்சியது புல், தண்ணீர், வானம் என்று படுக்கைப் பட்டைகள். ஆனால் தண்ணீரின் சுருக்கத்தை அப்படியே விட்டார். 2011ல் அந்தப் பிரிண்ட் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்கு மேல் போனது. நம் படம் அப்படிப் போகாது, ஆனால் எதை எடுப்பது எதை விடுவது என்பதற்கு அதை உற்றுப் பார்க்கலாம்.

அடுக்குவதற்கு முன் கட்டத்தை முடிவு செய்துகொள்ள நம் வீட்டு வாசலே போதும். நேர்ப்புள்ளி வைத்த கோலம் சதுரக் கட்டம், அதில் 90 டிகிரி திருப்பம் சரியாக உட்காரும். 15 புள்ளி வைத்து 8ல் நிறுத்துகிற ஊடுபுள்ளிக் கோலம் அறுகோணம், அதற்கு 60 டிகிரி. கோலம் போடுகிற அம்மாவோ ஆச்சியோ பக்கத்தில் இருந்தால் ஒரு சிக்குக் கோலத்தை மெதுவாகப் போடச் சொல்லிப் பாருங்கள், பல கோலங்களில் ஒரு கால் பாகத்தைப் போட்டு அதைத் திருப்பித் திருப்பித்தான் முழுதும் வருகிறது, கண்ணாடிப் பிம்பமாக இல்லை. அழி நிழலுக்கு 90 சரி. காற்றாலைக்கு 60. மூன்று இறக்கைப் படத்தையே நகலெடுத்து நடு மையத்தைப் பிடித்து 60 டிகிரி திருப்பி டார்க்கன் ஒன்லி வைத்தால் ஆறு கை நட்சத்திரம், வானம் வெளுப்பாக இருக்கிறதால் சுத்தமாக உட்காரும். தூண் வந்து கெடுக்கும், இறக்கை வட்டத்தை மட்டும் அறுகோணமாக வெட்டிக்கொண்டால் தூணில் கொஞ்சம்தான் மிஞ்சும், அதுவும் திரும்பித் திரும்பி வந்து வடிவத்திலேயே சேர்ந்துவிடும்.

கண்ணாடிப் பிம்பத்தைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. ஒரு படத்தை நாலாகப் பிரதியெடுத்து நாலு பக்கமும் புரட்டி ஒட்டுவது எல்லாரும் முதலில் செய்வது, எதை ஒட்டினாலும் அழகாக இருக்கிற மாதிரி ஏமாற்றுவதும் அதுதான். கொஞ்ச நேரம் பாருங்கள், நடுவில் ஒரு முகமோ பூச்சியோ வந்து உட்கார்ந்துவிடும், வந்த பிறகு போகாது. செய்தே ஆக வேண்டுமென்றால் நாலில் ஒன்றை மட்டும் சில பிக்சல் நகர்த்திவிடுங்கள், அல்லது ஒன்றை மட்டும் வேறு நேரத்தில் எடுத்த நிழலாக வையுங்கள். முகம் கலைந்துவிடும்.

கணினி இல்லாமலே செய்ய ஆசையிருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. 1917ல் ஆல்வின் லாங்டன் கோபர்ன் என்கிற புகைப்படக்காரர் மூன்று கண்ணாடிகளை முக்கோணமாகக் கட்டி அதன் வழியாக எடுத்தார், அந்தப் படங்களுக்கு வோர்ட்டோகிராஃப் என்று பெயர், கேமராவில் முழுக்க வடிவமாகவே எடுத்த படங்களில் அவை ஆரம்பகாலத்தவை. கண்ணாடிக் கடையில் ஒரே அளவில் மூன்று பட்டை அறுத்து, ஓரத்தைத் தேய்த்துத் தரச் சொல்லி, டேப் போட்டு ஒட்டி போன் லென்சுக்கு முன்னால் வைத்தால் ஆகிவிட்டது. சாதாரண கண்ணாடியில் ரசம் பின்பக்கம் இருக்கிறதால் ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் மெலிதாக இன்னொரு கோடு வரும். சிலருக்கு அது குறை, எனக்கு அது பிடிக்கும். நஸ்ரீன் முகமதி (1937-1990) இன்னொருவர், பரோடாவில் கலை சொல்லிக்கொடுத்தவர், மையில் நேர்கோடு வரைந்ததற்காகப் பேர் பெற்றவர். அவர் போட்டோக்களும் எடுத்திருக்கிறார், உயிரோடு இருந்தபோது அவற்றைக் காட்சிக்கு வைக்கவில்லை. தரை, நிழல், கடற்கரைக் கோடு, அவ்வளவுதான் இருக்கும். எந்த வித்தையும் இல்லாமல் வெறும் இடத்தேர்விலேயே எவ்வளவு தூரம் போகலாம் என்று அதில் தெரியும்.

நிறத்தை மூன்றுக்குள் நிறுத்துங்கள். கோயில் மதிலின் காவியும் வெள்ளையும் போல இரண்டே நிறம் பெரிய சுவரையே தாங்குகிறது. ஸாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) ஏற்றுகிற கை தானாக ஏறும், அதைக் கட்டிப்போடுங்கள், ஏனென்றால் திரையில் மின்னுகிற நீலத்தையும் ஆரஞ்சையும் மை எட்டவே எட்டாது. ஜிம்ப்பில் ப்ரூஃப் கலர்ஸ் என்று ஒன்று இருக்கிறது, லேப்காரர்களிடம் அவர்களுடைய ஐசிசி ப்ரொஃபைலை (அவர்கள் மெஷினும் பேப்பரும் நிறத்தை எப்படிக் காட்டும் என்று சொல்கிற ஃபைல்) வாங்கிப் போட்டால் பேப்பரில் எப்படி வரும் என்று ஓரளவு முன்னாலேயே காட்டும். திரையின் வெளிச்சத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். 'லேப்ல இருட்டா போட்டுட்டாங்க' என்கிற புலம்பலில் பாதி, திரையை முழு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்ததால் வருகிறது.

பேப்பரில் இறக்குவது

நம்ம ஊர் கலர் லேப்கள் கல்யாண ஆல்பத்துக்காக இருக்கின்றன. ஆல்பத்துக்கு எது நல்லதோ அது நமக்குக் கெடுதல். மெஷின் தானாகவே வெளிச்சத்தையும் நிறத்தையும் சரி செய்யும், முகத்தை எடுப்பாகக் காட்டுவதற்காக. உங்கள் டிஃபரன்ஸ் படத்தில் முக்கால்வாசி கறுப்பு, அதை மெஷின் 'இருட்டில் எடுத்த படம்' என்று நினைத்து வெளுத்துவிடும். கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

"அண்ணாச்சி, கரெக்‌ஷன் எதுவும் வேண்டாம். ஃபைல்ல உள்ளபடியே போடுங்க."

"உள்ளபடி போட்டா டல்லா இருக்குமே தம்பி."

"டல்லாவே இருக்கட்டும், அண்ணாச்சி."

இந்த உரையாடல் ஒவ்வொரு தடவையும் நடக்கும், சலித்துக்கொள்ளாமல் நடத்துங்கள். லேப்புக்கு எஸ்ஆர்ஜிபி வண்ணத்தில், அதிகத் தரத்தில் ஜேபெக் கொடுத்தால் போதும். அடுத்தது ஓரம். ஓரமில்லாமல் போடச் சொன்னால் மெஷின் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி நாலு பக்கமும் சிறிது வெட்டிவிடும். முகப் படத்தில் அது யாருக்கும் தெரியாது. கோடுகள் ஓரத்தில் இருந்து சம தூரத்தில் நிற்க வேண்டிய படத்தில் ஒரு பக்கம் மூன்று மில்லிமீட்டர் போனாலும் படம் நொண்டும். அதனால் ஃபைலிலேயே சுற்றிலும் ஒரு அங்குலம் வெள்ளை விட்டுக் கொடுங்கள், வெட்டினால் வெள்ளையில்தான் வெட்டும்.

மொத்தப் படத்தையும் போடுவதற்கு முன் ஒரு துண்டு போட்டுப் பாருங்கள். கடைசி அளவிலேயே, படத்தில் கறுப்பும் நிறமும் கரைசலும் மூன்றும் வருகிற ஒரு பட்டையை மட்டும் ஏ4 அளவுக்கு வெட்டிக் கொடுப்பது. சிறிதாக்கிய முழுப் படம் எதையும் சொல்லாது. வந்த துண்டை லேப்பின் டியூப்லைட்டில் பார்க்காமல் தெரு வெளிச்சத்தில் பாருங்கள், பிறகு அது தொங்கப்போகிற சுவரில் ஒட்டி வையுங்கள். கரைசலில் பட்டை தெரிந்தால் ஃபைலில் மிகக் கொஞ்சமாக நாய்ஸ் (பொடிப் புள்ளி) சேர்த்து மறுபடி போடுங்கள், பட்டை கலைந்துவிடும். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடையில் 12க்கு 18 டிஜிட்டல் ஷீட் போடுவார்கள், அது டோனர் பிரிண்ட், வடிவம் சரியாக இருக்கிறதா என்று தூரத்தில் வைத்துப் பார்க்க மலிவான வழி. அதையே விற்கக் கூடாது. ஃப்ளெக்ஸ் பற்றிக் கேட்காதீர்கள்.

விற்கிறதுக்கு, காட்சிக்கு வைக்கிறதுக்கு என்றால் பிக்மென்ட் மையில் போடுகிற இடங்கள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கின்றன, ஃபைலை அனுப்பினால் குழாயில் சுருட்டி கூரியரில் வரும். பேப்பர் விஷயத்தில் ஒரே விதிதான் நான் பார்ப்பது: படத்தில் கறுப்பு அதிகமென்றால் லேசான பளபளப்புள்ள பேப்பர், ஏனென்றால் மேட் பேப்பரில் கறுப்பு அடர்ந்த சாம்பலாகத்தான் நிற்கும். சுண்ணாம்புச் சுவர், பாய், அப்பளம் மாதிரி மென்மையானவற்றுக்கு 300 ஜிஎஸ்எம் சுமாரில் பருத்தி மேட் பேப்பர். சுருண்டு வந்ததை உடனே நிமிர்த்தி மடக்காதீர்கள், சுத்தமான பேப்பருக்கு நடுவே வைத்து மேலே கனம் வைத்து ஒரு நாள் விட்டால் தானாகப் படியும். விரலால் தொடாதீர்கள், மேட் கறுப்பில் விரல் ரேகை விழுந்தால் போகாது.

ஃபிரேம் போடப் போகிற கடை பெரும்பாலும் சாமி படம் ஃபிரேம் போடுகிற கடையாகத்தான் இருக்கும். வேலை நேர்த்தியாகச் செய்வார்கள், ஆனால் மைதாப் பசை தடவி அட்டையில் ஒட்டிவிடுவார்கள், பசை ராமபாணப் பூச்சிக்கு விருந்து. ஒட்ட வேண்டாம் என்று சொல்லி, அமிலமில்லாத பேப்பரை முக்கோணமாக மடித்து நாலு மூலையில் சொருகி நிற்க வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே மவுண்ட் போர்டு (படம் தெரிய நடுவில் வெட்டிய அட்டை) கட்டாயம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கண்ணாடியோடு பேப்பர் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது மையும் சேர்ந்து வரும். மாட்டுகிற இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், எதிரே ஜன்னல் இருந்தால் அதன் கம்பி கண்ணாடியில் விழுந்து உங்கள் கோடுகளோடு போட்டி போடும்.

எத்தனை பிரிண்ட் போடப்போகிறீர்கள் என்பதை முதல் பிரதி விற்கிறதுக்கு முன்னால் முடிவு செய்து, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பத்து என்றால் பத்துதான், ஒவ்வொன்றிலும் 1/10, 2/10 என்று எண், அளவு, பேப்பர், தேதி, யாரிடம் போனது என்று அதே நோட்டில் ஒரு வரி. பிறகு வேறு அளவில் போட்டு 'இது வேற' என்று சமாளிப்பது வாங்கினவருக்குச் செய்கிற துரோகம். கையெழுத்தை மேட் பேப்பரில் படத்துக்குக் கீழே வெள்ளை ஓரத்தில் பென்சிலில் போடுங்கள், பென்சில் மங்காது. பளபளப்புப் பேப்பரில் பென்சில் பிடிக்காது, அதற்குப் பின்பக்கம், ஓரத்தில், பிக்மென்ட் மைப் பேனாவில் போட்டு, காய்ந்த பிறகுதான் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும், இல்லையென்றால் உங்கள் கையெழுத்து அடுத்த படத்தின் முகப்பில் தலைகீழாகப் பதியும்.